முதலாளி ஏறினால் மக்கர் செய்யும் கார்

நான் வேலை பார்த்த கார் ஒர்க்‌ஷாப்புக்கு இந்த வருடம் ஆண்டு மலர் போடுகிறார்களாம். அங்கே இப்போது சர்வீஸ் பொறுப்பில் இருக்கும் இளைஞர் போன் செய்தார். "சார், நம்ம ஒர்க்‌ஷாப்புல ஹைபிரிட் வண்டிய மொதல்ல தொட்டது நீங்கதானாமே. நாலு பக்கம் எழுதிக் குடுங்க. படிக்கிறவங்களுக்கு உற்சாகமா இருக்கணும்" என்றார். உற்சாகம் கொடுக்கிற உத்தியோகத்தை நான் பார்த்ததில்லை. நான் பார்த்தது எலக்ட்ரிகல் பிரிவு. அங்கே உற்சாகமாக வந்து நின்ற வாடிக்கையாளர் ஒருவரைக்கூட எனக்கு ஞாபகமில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் போடாமல் விட்டுவிடட்டும்.

இப்போது விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் ஐந்து நிமிடம் நின்றால், பெட்ரோல் எஞ்சினும் கரண்ட் மோட்டாரும் சேர்ந்து இழுக்கிற ஹைபிரிட் கார் ஒன்று போகிறது. டாக்டர் வைத்திருக்கிறார், விதைக்கடைக்காரர் வைத்திருக்கிறார், ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பழுது என்றால் ஸ்கேனரைச் செருகுகிறார்கள். அது ஒரு எண்ணைக் காட்டுகிறது. அந்த எண்ணுக்கு எந்தப் பாகமோ அதைக் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டுகிறார்கள். இதற்குப் பழுது கண்டுபிடிப்பது என்று பெயர். வயிறு வலிக்கிறது என்று பிள்ளை சொல்லும். எதைத் தின்றது என்று சொல்லாது. ஸ்கேனரும் அப்படித்தான். இதைச் சொன்னால் "அதெல்லாம் உங்க காலம் சார்" என்று சிரிக்கிறார்கள். என் காலத்திலும் இதே சிரிப்புத்தான் சிரித்தார்கள்.

என் படிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விருத்தாசலத்துக்காரன், எலக்ட்ரிகல் டிப்ளமோ. கொஞ்ச காலம் லாரி ஷெட்டில் டைனமோ கட்டினேன். பிறகு புதுச்சேரியில் ஒரு பெரிய கார் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து ஓய்வு பெற்றேன். அங்கே நான் கற்றுக்கொண்ட முதல் பாடம், வண்டியைக் கெடுப்பது பெரும்பாலும் வண்டி அல்ல என்பது. ஆயுத பூஜை முடிந்த மறுநாள் எங்கள் பிரிவில் நிற்க இடமிருக்காது. எஞ்சின் மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருப்பார்கள். பேட்டரி முனையில் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்திருப்பார்கள். "நேத்து வரைக்கும் நல்லாதான் ஓடிச்சு, இன்னைக்கு என்னாச்சுன்னே தெரியல" என்பார்கள். சாமிக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டாயிரத்தெட்டு, ஒன்பது வாக்கில் ஹைபிரிட் வண்டிகள் வெளிநாட்டிலிருந்து ஒன்றிரண்டாக வந்து இறங்கின. உடனே என்னைப் பயிற்சிக்கு வடக்கே அனுப்பினார்கள். பயிற்சி கொடுத்தவர் அந்த வண்டியைப் படத்தில் மட்டும் பார்த்தவர் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. சாப்பாடு நன்றாக இருந்தது. ஒரு சான்றிதழும் ஒரு ஜோடி ரப்பர் கையுறையும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

அந்தக் கையுறையைப் பற்றி மட்டும் கேலி செய்ய மாட்டேன். வழக்கமான பன்னிரண்டு வோல்ட் பேட்டரி முன்னால் இருக்க, இந்த வண்டியில் பின்சீட்டின் முதுகுக்குப் பின்னால் இன்னொரு பெரிய பேட்டரி இருக்கும். அதன் அழுத்தம் நூற்றைம்பது வோல்ட்டுக்கு மேல். அது நேர்மின்சாரம், பிடித்தால் விடாது. அதைத் தொடுவதற்கு ஒரு முறை உண்டு. சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அடுத்தவன் கையில் கொடுக்கக் கூடாது. முன்பேட்டரியின் நெகட்டிவைக் கழற்ற வேண்டும். கையுறையின் வாய்ப்பக்கத்தைச் சுருட்டிப் பிடித்து, காற்று உள்ளே நிற்கிறதா என்று அழுத்திப் பார்க்க வேண்டும். ஊசித் துவாரம் இருந்தாலும் அந்தக் கையுறை குப்பைக்குத்தான். அதை மாட்டிக்கொண்டு, பின்னால் இருக்கும் பெரிய பேட்டரியின் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். பிறகு சும்மா நிற்க வேண்டும், உள்ளே தேங்கிய மின்சாரம் வடிகிறவரை. கடைசியில் மீட்டர் வைத்துப் பூஜ்யம் என்று கண்ணால் பார்த்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்கலாம். இந்தச் சும்மா நிற்கிற நேரம்தான் எங்கள் ஆட்களுக்குப் பிடிக்காது. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று தெரியாமலா சொன்னார்கள்.

எனக்கு மேலே ஒர்க்ஸ் மேனேஜராக ராமநாதன் சார் இருந்தார். நல்ல காது அவருக்கு. தன் அறையில் உட்கார்ந்தபடியே, ஷெட்டில் ஓடும் எஞ்சினில் எந்த சிலிண்டர் தட்டுகிறது என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு வரத்தை வைத்துக்கொண்டு மனிதர் என்னவெல்லாமோ செய்திருக்கலாம். அவரோ வண்டிப் பக்கமே வர மாட்டார். வந்தாலும் நமக்குப் பின்னால் நின்றுதான் பேசுவார். முகம் தெரியாது, சோப்பு வாசனை மட்டும் வரும். கிரீஸைத் தொடாத அந்தக் கையை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கழுவுவார். என்ன பழுது என்று கேட்கவே மாட்டார். "யார் தலையில?" என்றுதான் கேட்பார். எந்தப் பழுதுக்கும் ஒரு தலை வேண்டும் அவருக்கு. அது கம்பெனியின் தலையாக மட்டும் இருந்துவிடக் கூடாது.

இனி விருத்தாசலத்துக் காருக்கு வருகிறேன். ஊரில் செராமிக் தொழிற்பேட்டையில் தங்கவேல் என்று ஒரு முதலாளி. ஃபியூஸ் கட்டை செய்யும் பீங்கான் ஷெட்டும் சூளையும் வைத்திருந்தார். தமிழ்நாடே கரண்ட் கட்டில் விசிறியோடு கிடந்த சமயம் அது. அந்த நேரம் பார்த்து இவர் ஒரு ஹைபிரிட் காரை வாங்கி, ஊர் கூடும் பாலக்கரையில் நிறுத்தி, "கரண்ட்டுல ஓடுற காரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "பிளக்கு எங்கங்க?" என்று ஊர் கேட்டது. "அதுவே சார்ஜ் ஏத்திக்கும்" என்றார். ஊருக்கெல்லாம் ஃபியூஸ் கட்டை செய்து விற்கிறவருக்கு அது எப்படி ஏறுகிறது என்று தெரியாது. கேட்கவும் மாட்டார். முதலாளி என்றால் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு எண்ணம்.

அந்தக் காரின் டிரைவர் ஏழுமலை. கம்மாபுரம் பக்கம். நிலத்தை நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டபின் டிரைவிங் கற்றுக்கொண்டு வந்தவர். அவர் மனைவி அஞ்சலை அதே முதலாளியின் ஷெட்டில், அச்சிலிருந்து எடுத்த ஃபியூஸ் கட்டைகளில் பிசிறு சுரண்டுகிற வேலை செய்தார். இரண்டு பேர் சாப்பாடும் ஒரே கதவுக்குப் பின்னால் இருந்தது.

கார் வாங்கிச் சில மாதங்களில் கோளாறு ஆரம்பித்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் விளக்கு எரியும். சார்ஜ் முள் சடாரென்று இறங்கும். மோட்டார் கைவிட்டுவிடும், வண்டி மூட்டை ஏற்றியது போலக் கனக்கும். நிழலில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். ஏழுமலை அதைப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்தார். ஸ்கேனரில் பார்த்தேன். பெரிய பேட்டரியின் சூடு ஏறியிருந்தது பதிவாகியிருந்தது. அந்தப் பேட்டரியைக் குளிர வைக்க ஒரு ஃபேன் உண்டு. பின்சீட்டுக்கு மேலே, பின்கண்ணாடியை ஒட்டிய பலகையில் ஒரு கிரில் இருக்கும். அதன் வழியாகக் காருக்குள் இருக்கும் ஏசிக் காற்றை அந்த ஃபேன் உறிஞ்சும். கிரில்லில் வெள்ளை மண்தூள் கொஞ்சம் படிந்திருந்தது. செராமிக் ஊர் ஆயிற்றே, இதுதான் என்று துடைத்துவிட்டு, சொந்த ஊரை எனக்குத் தெரியாதா என்று பெருமையோடு அனுப்பிவைத்தேன். திரும்பி வந்தது. ஃபேனை மாற்றினோம். மறுபடியும் வந்தது.

மூன்றாவது தடவை வந்தபோது ஏழுமலையின் முகம் சரியில்லை. என்ன என்று கேட்டேன்.

"மொதலாளி என்னைச் சந்தேகப்படறாருங்க சார். ஒரிஜினல் பேட்டரிய கழட்டி வித்துட்டு, பழச மாட்டிட்டேங்கறாரு. என் லைசென்ஸ வாங்கி வெச்சிக்கிட்டாரு. வண்டி சரியாவலன்னா போலீஸுக்குப் போறேங்கறாரு. ஷெட்டுல எல்லாரும் அஞ்சலைய ஒரு மாதிரி பாக்கறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பேட்டரியைக் கழற்ற எனக்கே அரைநாள் ஆகும். அதை வாங்க இந்தியாவில் அன்று ஆளே கிடையாது. "லைசென்ஸ வாங்கிட்டா நீங்க எப்படி ஓட்டிட்டு வந்தீங்க?" என்று கேட்டேன். "கியர் இல்லாத வண்டி சார். வேற யாருக்கும் ஓட்ட வராது. அதனால என்னையே ஓட்டச் சொல்றாரு" என்றார். திருடன் என்று சொல்லி லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டு, அந்தத் திருடன் கையிலேயே சாவியைக் கொடுத்து அனுப்புகிற அறிவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பின்சீட்டைக் கழற்றிப் பேட்டரி நம்பரைப் பார்த்தேன். கம்பெனி போட்ட அதே பேட்டரி. ஆனால் சீட்டு போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தழும்பு இருந்தது. "சீட்டு கவர் தெச்சி மாட்டறப்ப கடைக்காரரு கழட்டுனாருங்க" என்றார் ஏழுமலை. அவ்வளவுதான், ராமநாதன் சாருக்குத் தலை கிடைத்துவிட்டது. சோப்பு வாசனை என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

"போல்ட்ட தொட்டிருக்காங்கல்ல? முடிஞ்சுது. டிரைவர் கை வெச்சிருக்கான்னு சொல்லிடுங்க. வாரண்டி கிடையாது. ஓனரும் அதைத்தான் சொல்றாரு. ரெண்டு பேருக்கும் ஒத்துப் போவுதில்ல?"

"பேட்டரி நம்பர் சரியா இருக்குது சார்."

"நம்பர் இருக்கட்டும். தலை யாருது?"

முதலாளிக்கு டிரைவர் திருடனாக இருந்தால் வசதி. கம்பெனிக்கு டிரைவர் கைவைத்தவனாக இருந்தால் வசதி. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. ஏழுமலை மேல் எனக்குத் தனிப் பிரியம் ஒன்றும் அப்போது கிடையாது. ஆனால் தப்பான காரணத்தை என் வாயால் சொல்ல எனக்கு அருவருப்பாக இருந்தது. அதனால் எல்லோரும் கேட்கிற கேள்வியை விட்டுவிட்டு ஏழுமலையிடம் வேறு கேள்வி கேட்டேன். "எப்ப வருதுன்னு சொன்னீங்க. எப்ப வரல?"

அவர் யோசித்தார். "மொதலாளி ஏறாத அன்னைக்கு வரதில்லைங்க" என்றார்.

ராமநாதன் சார் விழுந்து விழுந்து சிரித்தார். "காருக்கே அந்தாளப் புடிக்கல போலிருக்கு" என்று ஷெட் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அன்று முழுக்க அதுதான் நகைச்சுவை. எனக்கோ அதுவரை கிடைத்த ஒரே உருப்படியான தகவல் அதுதான். புதுச்சேரிக்கு வரும் வழியெல்லாம், என் டெஸ்ட் டிரைவ் முழுக்க, கோளாறு ஒருதடவைகூட வரவில்லை. அந்த நேரங்களில் பின்சீட்டில் ஆள் இல்லை. நான் விருத்தாசலத்துக்கே போய் முதலாளியோடு உட்கார்ந்து பார்க்கிறேன் என்றேன். "போங்க, போயி டிரைவர் மேலதான்னு பக்குவமா சொல்லிட்டு வந்துடுங்க" என்று அனுப்பினார்.

காலையில் போனேன். முதலாளி ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் ஏழுமலையின் லைசென்ஸ். அதை எடுத்து எனக்குக் காட்டிவிட்டு மறுபடி உள்ளே வைத்துக்கொண்டார். "என்னாய்யா மெக்கானிக்கு, பேட்டரிய மாத்தியிருக்கானா இல்லியா? ஒரே வார்த்தையில சொல்லு."

"நம்பர் சரியா இருக்குதுங்க. அதே பேட்டரிதான்."

"நம்பர அடிச்சி எழுத முடியாதா? எனக்கா தெரியாது? என் ஷெட்டுல நானே எத்தன பீங்கான்ல நம்பர் அடிக்கறேன்!"

இதற்குப் பதில் சொல்லக்கூடிய படிப்பை நான் படிக்கவில்லை. ஸ்கேனரைச் செருகி மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தேன். ஏழுமலை வீட்டுக்குள்ளிருந்து ஒரு மடித்த வெள்ளைத் துண்டைக் கொண்டுவந்து பின்சீட்டில் விரித்தார். முதலாளி ஏறினார். கிளம்பினோம்.

அந்தத் துண்டை நான் பார்த்தேன், ஆனால் பார்க்கவில்லை. நம் ஊரில் அதிகாரி வண்டி என்றால் பின்சீட்டில் வெள்ளை டர்க்கித் துண்டு இருக்கும். தாசில்தார் முதல் கலெக்டர் வரை, துண்டு இல்லாத பின்சீட்டில் உட்கார்ந்தால் பதவி ஒட்டாது என்று நினைப்பு. அவர்களைப் பார்த்துப் பணம் வந்தவர்களும் விரித்துக்கொண்டார்கள். யார் காரிலும் அது உண்டு. சட்டைக்குப் பொத்தான் மாதிரி, அதை யார் கவனிப்பார்கள்?

ரயில்வே கேட்டில் நின்றோம். வெயில் பின்கண்ணாடியில் இறங்கியது. கேட் திறந்து ஸ்ரீமுஷ்ணம் சாலைக்கு வந்தபோது பேட்டரிச் சூடு ஸ்கேனரில் ஏறிக்கொண்டே போனது. ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது என்று கருவி காட்டியது. ஆனால் சத்தம் சரியாக இல்லை. மூக்கடைத்தவன் மூச்சு விடுவது போல ஒரு இழுப்பு. திரும்பிப் பார்த்தேன். முதலாளி மடியில் இருந்த தினசரித்தாள் ஏசிக் காற்றில் படபடத்தது. அவர் தலைக்குப் பின்னால் துண்டின் ஓரம் மட்டும் அசையவில்லை. அந்த வழக்கமான சின்னத் துண்டு இவருக்குப் போதவில்லை. படுக்கை விரிப்பு அளவில் ஒன்றை வாங்கி, சீட்டு முதுகை மூடி, தலையணைகளை மூடி, பின்னால் இருக்கும் பலகையையும் மூடி விரிக்க வைத்திருந்தார். துண்டு பலகையோடு ஒட்டி உள்ளே இழுபட்டிருந்தது. கிரில்லின் கம்பிகள் அதன்மேல் வரிவரியாகத் தெரிந்தன.

அப்போது மஞ்சள் விளக்கு எரிந்தது. முள் விழுந்தது. வண்டி கனத்தது.

"பாத்தியா! பாத்தியா!" என்று முதலாளி பின்னாலிருந்து கத்தினார். "மாத்துன பேட்டரிதான! எந்த ஊருல வித்தடா, சொல்லுடா!"   சாலையோரம் ஒரு புளியமரத்து நிழலில் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

ஒருமுறை பார்த்துவிட்டுக் காரணம் சொல்வது ஜோசியம். நீக்கினால் போக வேண்டும், திரும்ப வைத்தால் திரும்ப வர வேண்டும், அப்போதுதான் அது காரணம். துண்டை எடுத்து மடித்து வைத்தேன். பேட்டரி ஆறியதும் அதே சாலையில், அதே வெயிலில் போய் வந்தோம். சூடு ஏறவில்லை. துண்டை விரித்தேன், கேட்டுக்கும் மரத்துக்கும் நடுவே விளக்கு எரிந்தது. மறுபடி எடுத்தேன், போய்விட்டது. முதலாளி பொறுமை இழந்து, "சாமி பாக்க வந்தவன இப்படி முன்னயும் பின்னயும் இழுத்தடிக்கறியேய்யா" என்றார். பேட்டரி மூச்சு விடும் வழியைத் துண்டு அடைக்கிறது என்றேன். அவர் நம்பவில்லை. கையைப் பிடித்துக் கிரில் மேல் வைத்தேன். உள்ளே போகும் காற்று அவர் விரலை இழுத்தது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

 எனக்கு ஒரு நப்பாசை. மனிதர் இப்போது ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். சொன்னார்.

"இந்தத் துண்ட விரிச்சது யாரு?"

"நீங்கதானுங்க மொதலாளி, பின்னாடி வரைக்கும் விரிக்கணும், கழுத்துல வெயிலடிக்குதுன்னு..." என்றார் ஏழுமலை.

"நான் ஆயிரம் சொல்லுவேன். டிரைவருக்குப் புத்தி வேணாமா? காத்துப் போற ஓட்ட எதுன்னு பாக்க வேணாமா? சரி, போவுது. மன்னிச்சி வுட்டேன். வண்டிய எடு, நடை சாத்திடுவான்."

ஏழுமலை வண்டியை எடுக்கவில்லை. "மன்னிக்க வேணாங்க மொதலாளி. நான் எடுக்கலன்னு சொல்லுங்க. அது போதும்."

"அதான் வுட்டுட்டேங்கறேன்ல?"

"வுட வேணாங்க. எடுக்கலன்னு சொல்லுங்க."

முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஒரு வார்த்தையில் அவருக்கு என்ன நஷ்டம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஏழுமலை சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "போயிட்டு வரேங்க சார்" என்று என்னிடம் மட்டும் சொன்னார். விருத்தாசலம் போகும் தனியார் பஸ் வந்தது. கைகாட்டி ஏறிக்கொண்டார்.

"நன்றி கெட்ட பய" என்றார் முதலாளி. பிறகு, "நீ ஓட்டுய்யா மெக்கானிக்கு, கோயிலுக்கு" என்றார். கோயிலுக்கு ஓட்டுவது என் வேலையில் சேராது, பழுது பார்த்த வண்டியை ஊரில் ஒப்படைப்பதுதான் என் வேலை என்று சொல்லி, வண்டியைத் திருப்பினேன். அவர் வீட்டுக்குப் போகாமல், அவருடைய பீங்கான் ஷெட்டுக்குப் போனேன். இதற்குப் பரிசாக ராமநாதன் சார் பிறகு என்னை உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றினார். அங்கே நிம்மதியாக இருந்தது. நட்டும் போல்ட்டும் பொய் சொல்லாது.

நாங்கள் போனபோது ஷெட்டில் டீ நேரம். பெண்களும் ஆண்களுமாக வாசலில் டம்ளரோடு நின்றிருந்தார்கள். முழங்கை வரை வெள்ளை மண் அப்பிய கையோடு அஞ்சலை தனியாக ஓரமாக நின்றிருந்தார். ஏழுமலை இல்லாமல் கார் வந்ததைப் பார்த்ததும் அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

எங்கள் கம்பெனியில் ஒரு விதி உண்டு. வண்டியை ஒப்படைக்கும்போது, பழுது என்ன, காரணம் என்ன என்று வண்டிப் பக்கத்தில் நின்று வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும். புரிந்ததை அவர் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் சாவி. எந்த வெள்ளைக்காரன் உட்கார்ந்து எழுதினானோ, நாங்கள் ஒருவரும் அதை ஒருநாளும் செய்ததில்லை. அன்று செய்தேன். துண்டை விரித்துக் காட்டினேன், கிரில்லைக் காட்டினேன், ஆயுத பூஜைக்கு அறிவிப்பு செய்கிறவன் போலத் தொண்டை கிழியச் சொன்னேன். கூட்டம் காரைச் சுற்றி வந்துவிட்டது.

"இப்ப நீங்க ஒரு தடவ சொல்லுங்க சார். கம்பெனி ரூல்."

"துண்டு காத்த அடச்சிடுச்சி. அவ்ளோதான? சாவியக் குடு."

"பேட்டரி சார்?"

"பேட்டரிக்கு என்னா?"

"அது எந்தப் பேட்டரின்னு நீங்க சொல்லணும்."

"கம்பெனி போட்ட பேட்டரிதான்யா."

"யாராவது எடுத்தாங்களா, மாத்துனாங்களா?"

அவர் சுற்றிப் பார்த்தார். அத்தனை பேரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "யாரும் எடுக்கல" என்று முனகினார்.

"காதுல விழலைங்க சார்."

"ஏழுமல எடுக்கலய்யா! போதுமா? எடுக்கல! குடுய்யா சாவிய!" என்று கத்தினார். அந்தக் கத்தலில் சூளைப் பக்கம் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

சாவியைக் கொடுத்தேன். அஞ்சலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையை முந்தானையில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

"லைசென்ஸக் குடுங்க மொதலாளி."

முதலாளி சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "கோவத்துல போயிட்டான். நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லு" என்றார். குரல் வெகுவாக இறங்கியிருந்தது.

"அவரு வரமாட்டாருங்க. நானும் வரலைங்க" என்றார் அஞ்சலை. "துண்ட இனிமே நீங்களே விரிச்சிக்குங்க."